சின்ன அலுவலகத்தில் இரண்டாவது சர்வர்: பெட்டி வாங்குவதிலிருந்து முதல் சர்வரை அணைத்துப் பார்ப்பது வரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். இருபத்தெட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு சர்வர். அது போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டாவதாக ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை முதல் சர்வரின் பவர் சப்ளை எரிந்துபோனது. இரண்டாவது சர்வர் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஷேர் ஃபோல்டர் வரவில்லை, பிரின்டர் வரவில்லை, சிலருக்கு இன்டர்நெட்டே வரவில்லை. பேக்கிங் லிஸ்ட் அடிக்க முடியாமல் லாரி வாசலிலேயே நின்றது. நான் போய்ப் பார்த்தபோது, எல்லாக் கம்ப்யூட்டரிலும் டிஎன்எஸ் முகவரியாக, அதாவது பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தரும் சேவையின் முகவரியாக, முதல் சர்வரை மட்டுமே போட்டிருந்தார்கள். இரண்டாவது சர்வர் என்று ஒன்று இருப்பதே அந்தக் கம்ப்யூட்டர்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். முதல் சர்வரை வேண்டுமென்றே அணைத்து, அலுவலகம் வழக்கம்போல ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை இரண்டாவது சர்வர் வேலை முடிந்தது என்று யாரிடமும் சொல்வதில்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த ஒரு சோதனைக்குத்தான்.

எதைச் செய்யப்போகிறோம்

விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் ஏற்கெனவே ஓடும் இடத்தில் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரைச் சேர்ப்பதுதான் வேலை. டொமைன் என்பது ஒரே பதிவேட்டின் கீழ் ஓடும் கம்ப்யூட்டர்களின் கூட்டம், அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். யூசர் பெயர், பாஸ்வேர்டு, யார் எந்த குரூப் என்ற அந்தப் பதிவேடு இப்போது ஒரே பெட்டியில் இருக்கிறது. இனி அதை இரண்டு பெட்டிகளும் சேர்ந்து வைத்துக்கொள்ளும். ஒன்றில் புது யூசரைச் சேர்த்தால் சில விநாடிகளில் மற்றதிலும் வந்துவிடும்.

போகிறது பதிவேடு மட்டும்தான். ஷேர் ஃபோல்டரில் இருக்கும் எக்செல் கோப்புகள், டேலி டேட்டா, பிரின்டர் இவை எதுவும் தானாக இரண்டாவது சர்வருக்குப் போகாது. "ரெண்டு சர்வர் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணுல எல்லாம் இருக்கும்" என்று முதலாளி நினைத்துக்கொண்டிருப்பார். அப்படி இல்லை என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். கோப்புகளுக்கு என்ன செய்வது என்று பின்னால் வருகிறேன்.

வாங்கும் முன்

முப்பது பேர் உள்ள அலுவலகத்தில் டொமைன் கன்ட்ரோலருக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 16 ஜிபி ராம், ஒன்றுக்கொன்று மிரராக ஓடும் இரண்டு எஸ்எஸ்டி, இது தாராளம். பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் நான் செய்வதில்லை. சில டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் இருக்கும் நெட்வொர்க் சிப்பின் டிரைவர், சர்வர் விண்டோஸில் ஏறவே மறுக்கும். அதோடு மல்லுக்கட்டும் நேரத்துக்குச் சின்ன டவர் சர்வரே வாங்கிவிடலாம்.

லைசன்ஸில் மூன்று விஷயம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு கோர் கணக்கில் விற்கிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். உங்கள் பிராசஸரில் 6 கோர்தான் என்றாலும் 16-க்குத்தான் விலை. இரண்டாவது, கிளையன்ட் ஆக்சஸ் லைசன்ஸ், அதாவது 'கால்'. இது சர்வருக்கு ஒன்று என்ற கணக்கில் இல்லை. ஆளுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஒன்று. ஆகவே இரண்டாவது சர்வருக்காக இன்னொரு செட் வாங்க வேண்டாம். ஆனால் பதிப்பு முக்கியம்: கையில் இருப்பது 2016-க்கான கால் என்றால், 2022 சர்வரைத் தொட அது செல்லாது. கொட்டேஷன் வாங்கும்போது இதைக் கேளுங்கள், பில் போட்ட பிறகு கேட்காதீர்கள்.

மூன்றாவது இன்னும் வலிக்கும். "இப்போதைக்கு 180 நாள் இலவசப் பதிப்பைப் போடுங்கள், பிறகு லைசன்ஸ் வாங்கலாம்" என்பார்கள். அந்தப் பதிப்பில் டொமைன் கன்ட்ரோலர் அமைத்துவிட்டால், அதை அப்படியே முழுப் பதிப்பாக மாற்ற முடியாது. கன்ட்ரோலர் பொறுப்பை நீக்கி, பதிப்பை மாற்றி, மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். சோதனை அறைக்கு அது சரி, அலுவலகத்துக்கு வேண்டாம்.

முதல் சர்வர் நலமாக இருக்கிறதா

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் நாள்கணக்கில் அவதிப்படுகிறார்கள். முதல் சர்வரில் இருக்கும் நோயும் சேர்ந்துதான் இரண்டாவதற்குப் போகும். அதனால் முதலில் பேக்கப் எடுங்கள். கோப்புகளோடு சிஸ்டம் ஸ்டேட்டும் (டொமைன் பதிவேடு அடங்கிய விண்டோஸ் பகுதி) வேண்டும். விண்டோஸ் சர்வர் பேக்கப் போதும், வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்து அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்து, முதல் சர்வரில் கமாண்ட் விண்டோவை நிர்வாகியாகத் திறந்து 'டிசிடயாக்' (dcdiag) கட்டளையை ஓட்டுங்கள். நீளமாக ஓடும். 'ஃபெயில்டு' என்று வரும் வரிகளைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சரிசெய்யுங்கள். பிறகு 'நெட்டாம் குவெரி எஃப்எஸ்எம்ஓ' (netdom query fsmo) கொடுத்தால், டொமைனின் ஐந்து தனிப் பொறுப்புகள் யாரிடம் இருக்கின்றன என்று காட்டும். ஒரே சர்வர் இருந்த இடத்தில் ஐந்தும் அதன் பெயரில்தான் வர வேண்டும். எப்போதோ தூக்கிப்போட்ட பழைய சர்வரின் பெயர் வந்தால், அதை முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பழைய டொமைன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 2003 காலத்தில் தொடங்கி, சர்வர் மாற்றி மாற்றி இன்றுவரை வந்த டொமைன்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில், டொமைன் விதிகளும் லாகின் ஸ்கிரிப்ட்டுகளும் இருக்கும் சிஸ்வால் என்ற ஃபோல்டர் எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறையில் நகலாகிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் சர்வர் 2019 முதல் அந்த முறையே கிடையாது. 'டிஎஃப்எஸ்ஆர்மிக் /கெட்குளோபல்ஸ்டேட்' (dfsrmig /getglobalstate) என்று கேளுங்கள். பதில் 'எலிமினேட்டட்' என்றால் கவலை இல்லை. வேறு பதில் வந்தால் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் என்ற புது முறைக்கு மாற்றுங்கள். மூன்று நிலைகளாகச் செய்ய வேண்டிய வேலை அது, ஒவ்வொரு நிலைக்கும் இடையே பொறுமையாகக் காத்திருங்கள். ஃபங்ஷனல் லெவலையும், அதாவது டொமைன் எந்தப் பதிப்பின் நிலையில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். 2022 சர்வரைச் சேர்க்க டொமைன் 2008 நிலையிலாவது இருக்க வேண்டும். 2025 சர்வருக்கு 2016 நிலை வேண்டும்.

நிறுவுதல்

இன்ஸ்டால் செய்யும்போது பதிப்புப் பட்டியலில் 'டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சொல் இல்லாத வரியை எடுத்தால் கறுப்புத் திரை மட்டும்தான் வரும். பிறகு மாற்றவும் முடியாது, திரும்ப இன்ஸ்டால்தான். முதல் சர்வரின் டிஸ்கைக் குளோன் செய்து இரண்டாவதை உருவாக்கும் யோசனை யாராவது சொன்னால், கைகூப்பி மறுத்துவிடுங்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டு கன்ட்ரோலர் ஒரே நெட்வொர்க்கில் வந்தால் டொமைனே குழம்பிப்போகும்.

விண்டோஸ் வந்தவுடன் பெயரை மாற்றுங்கள், 15 எழுத்துக்குள். கன்ட்ரோலராக ஆன பிறகு பெயர் மாற்றுவது தேவையில்லாத தலைவலி. அப்டேட்டுகளை எல்லாம் இப்போதே போட்டு ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

அப்புறம் ஐபி. முதல் சர்வர் 192.168.10.10, ரவுட்டர் 192.168.10.1 என்று வைத்துக்கொள்வோம். புதியதற்கு 192.168.10.11-ஐ நிலையாகக் கொடுங்கள். டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி கொடுக்கும் சேவை) பகிர்ந்து கொடுக்கும் எண்களுக்கு வெளியே அது இருக்க வேண்டும். டிஎன்எஸ் இடத்தில் 192.168.10.10 மட்டும். ரவுட்டரோ, 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ்ஸோ, இன்டர்நெட் கம்பெனி கொடுத்த எண்ணோ அங்கே வரக் கூடாது. ஐபிவி6 என்ற புது வகை ஐபியை நிறுத்தாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

இப்போது சாதாரணக் கம்ப்யூட்டரைச் சேர்ப்பதுபோல டொமைனில் சேருங்கள். நேராகக் கன்ட்ரோலராகவே ஆக்கலாம், இந்தப் படி கட்டாயம் இல்லை. ஆனால் டிஎன்எஸ் சரியாக இருக்கிறதா என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. சேரவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை டிஎன்எஸ்தான் காரணம்.

கன்ட்ரோலராக ஆக்குதல்

சர்வர் மேனேஜரில் 'ஆட் ரோல்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ்' போய் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் சர்வீசஸை டிக் செய்து முடியுங்கள். மேலே கொடி அடையாளத்தில் மஞ்சள் முக்கோணம் வரும். அதைத் தட்டினால் 'புரமோட் திஸ் சர்வர்' என்று இருக்கும். டொமைன் நிர்வாகி கணக்கில் உள்ளே வந்திருக்க வேண்டும். புதிய பதிப்புக்காக டொமைனின் அமைப்பையே மாற்ற வேண்டி வந்தால் விசார்டே செய்துகொள்ளும். அதற்கு அந்தக் கணக்கு ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ் குரூப்புகளிலும் இருப்பது அவசியம்.

முதல் கேள்வியில்தான் கவனம் தேவை. மூன்று தேர்வுகள் இருக்கும். 'ஏற்கெனவே இருக்கும் டொமைனில் கன்ட்ரோலரைச் சேர்' என்ற பொருள் தரும் முதலாவதுதான் நமக்கு. 'நியூ ஃபாரஸ்ட்' என்பதைத் தொட்டால் அதே அலுவலகத்தில் ஒட்டும் உறவும் இல்லாத தனி டொமைன் ஒன்று பிறக்கும். அடுத்த திரையில் டிஎன்எஸ் சர்வர், குளோபல் கேட்டலாக் இரண்டிலும் டிக் இருக்கட்டும். ரீட் ஒன்லி என்பதில் டிக் வேண்டாம்.

அங்கேயே டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்டு கேட்கும். டைரக்டரி கெட்டுப்போய் மீட்புக்காகச் சர்வரைத் தனியாகத் திறக்கும் நாளில் இந்த பாஸ்வேர்டு மட்டும்தான் வேலை செய்யும். ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு மறந்துபோகாமல் எழுதி, உறையில் போட்டு முதலாளியின் லாக்கரில் வையுங்கள்.

டிஎன்எஸ் டெலிகேஷன் பற்றி மஞ்சளில் ஓர் எச்சரிக்கை வரும். உங்கள் டொமைன் 'லோக்கல்' போன்ற உள் பெயரில் முடிந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மற்றதெல்லாம் இருப்பதுபோலவே விட்டு, சோதனை பச்சை காட்டியதும் இன்ஸ்டால் கொடுங்கள். முடிந்தவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

வந்ததா, வரவில்லையா

ரீஸ்டார்ட் ஆனதும் டீ குடித்துவிட்டு வாருங்கள். அவசரப்பட்டால் பாதி வந்ததைப் பார்த்துப் பதறுவீர்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, புதிய சர்வரில் 'நெட் ஷேர்' (net share) என்று தட்டுங்கள். பட்டியலில் சிஸ்வால், நெட்லாகான் இரண்டும் வர வேண்டும். வராதவரை அந்தச் சர்வர் தன்னைக் கன்ட்ரோலர் என்று வெளியே சொல்லிக்கொள்ளாது. ஈவென்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் பகுதியில் 4604 என்ற எண் பதிவாகியிருந்தால் சிஸ்வால் முழுதாக வந்துவிட்டது என்று பொருள்.

பிறகு 'ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி' (repadmin /replsummary). தோல்வியைக் காட்டும் நெடுவரிசையில் இரண்டு சர்வருக்கும் பூஜ்யம் வர வேண்டும். நான் கூடுதலாக ஒன்று செய்வேன். புதிய சர்வரில் 'சோதனை' என்று ஒரு யூசரை உருவாக்கி, பழைய சர்வரில் போய்ப் பார்ப்பேன். பழையதில் அதை அழித்து, புதியதில் மறைகிறதா என்றும் பார்ப்பேன். போக்கும் வரவும் இரண்டும் சரியா என்பது அதில் தெரிந்துவிடும்.

டிஎன்எஸ், இதில்தான் எல்லாமே

இப்போது டிஎன்எஸ் எண்களைக் குறுக்காக மாற்ற வேண்டும். முதல் சர்வரில் முதலாவது டிஎன்எஸ் 192.168.10.11, இரண்டாவது 127.0.0.1, அதாவது அதுவே. இரண்டாவது சர்வரில் முதலாவது 192.168.10.10, இரண்டாவது 127.0.0.1. ஒவ்வொன்றும் முதலில் மற்றதைக் கேட்கும், கிடைக்காவிட்டால் தன்னைக் கேட்டுக்கொள்ளும்.

டிஎன்எஸ் மேனேஜரில் ஃபார்வர்டர் என்று ஒன்று உண்டு: அலுவலகத்துக்கு வெளியே உள்ள பெயர்களை யாரிடம் கேட்பது என்ற முகவரி. பொது டிஎன்எஸ் எண்கள் இருக்க வேண்டிய இடம் இதுதான். முதல் சர்வரில் போட்ட ஃபார்வர்டர் இரண்டாவதற்கு நகலாகாது, அங்கேயும் போய்ப் பாருங்கள். இதை விட்டால், முதல் சர்வர் இல்லாத நாளில் லாகின் ஆகும், ஆனால் இன்டர்நெட் தடுமாறும்.

அடுத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் டிஎன்எஸ் இரண்டு எண்கள்: 192.168.10.10, 192.168.10.11. வேறு எதுவும் இல்லை. "மூன்றாவதாக 8.8.8.8 இருந்தால் பாதுகாப்புதானே" என்பார்கள். இல்லை. முதல் எண் கொஞ்சம் தாமதித்தாலும் விண்டோஸ் வெளி எண்ணைக் கேட்கும். உங்கள் டொமைன் பெயரைக் கேட்டால் "அப்படி ஒன்று இல்லை" என்று அது சொல்லும். விண்டோஸ் அதையே நம்பிவிடும். திடீரென்று ஷேர் வராது, அரைமணி கழித்துத் தானாக வரும். காரணமே பிடிபடாமல் மாதக்கணக்கில் இழுக்கும் கோளாறுகளில் பாதி இதுதான்.

ஃபைபர் இணைப்பின் ரவுட்டரையும் கவனியுங்கள். பல ரவுட்டர்கள் ஐபிவி6 வழியாகத் தங்கள் டிஎன்எஸ்ஸையும் கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்துவிடும். 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) தட்டினால் டிஎன்எஸ் வரிசையில் நீளமான ஐபிவி6 எண் நிற்கிறதா பாருங்கள். நின்றால், ரவுட்டரில் அதைக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

முப்பது கம்ப்யூட்டரிலும் போய்க் கையால் மாற்றாதீர்கள். டிஹெச்சிபியில் மாற்றினால் போதும். ரவுட்டர்தான் டிஹெச்சிபி கொடுக்கிறது என்றால் அதில் இரண்டு டிஎன்எஸ் எண்களையும் போடுங்கள். முதல் சர்வர் கொடுக்கிறது என்றால் ஸ்கோப்பில் (அது பகிரும் ஐபி எண்களின் தொகுப்பு) 006 என்ற ஆப்ஷனில் போடுங்கள். ஆனால் அந்தச் சர்வர் போனால் டிஹெச்சிபியும் போகுமே? அதற்கு 2012 பதிப்பிலிருந்தே ஃபெயிலோவர், அதாவது ஒன்று போனால் மற்றது ஏற்றுக்கொள்ளும் வசதி உண்டு. இரண்டாவது சர்வரில் டிஹெச்சிபி ரோலைச் சேர்த்து, டொமைனில் அதற்கு அனுமதி கொடுத்து, முதல் சர்வரின் ஸ்கோப்பில் வலது கிளிக் செய்து 'கான்ஃபிகர் ஃபெயிலோவர்' கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. கையால் ஐபி போட்ட இயந்திரங்கள் மட்டும் மிச்சம்: பிரின்டர், பயோமெட்ரிக், கணக்குப் பிரிவின் பழைய கம்ப்யூட்டர். அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் போய் மாற்றுங்கள்.

நேரம்

சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வித்தியாசப்பட்டால் லாகின் மறுக்கப்படும். அந்த ஐந்து பொறுப்புகளில் ஒன்றான பிடிசி எமுலேட்டர் உள்ள சர்வர், நம் இடத்தில் முதல் சர்வர், அது மட்டும் வெளியிலிருந்து நேரம் வாங்க வேண்டும். மற்றவை எல்லாம் டொமைனிலிருந்து தாமாக வாங்கிக்கொள்ளும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போகச் சொல்கிறது. ஆகவே அந்த முகவரியையே கொடுப்பது நல்லது. இரண்டாவது சர்வர் ஹைப்பர்-வி மென்பொருளுக்குள் ஓடும் விர்ச்சுவல் இயந்திரம் என்றால், ஹோஸ்ட்டிலிருந்து (அதைத் தாங்கும் உண்மையான பெட்டி) நேரம் வாங்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு கன்ட்ரோலரையும் ஒரே ஹோஸ்ட்டில் வைக்காதீர்கள். ஒரே யூபிஎஸ்ஸிலும் வேண்டாம்.

கோப்புகளும் பேக்கப்பும்

வேர்டு, எக்செல், பிடிஎஃப் போன்றவற்றை டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் மூலம் இரண்டாவது சர்வரிலும் வைத்துக்கொள்ளலாம். டேலி டேட்டாவையோ வேறு டேட்டாபேஸையோ அப்படிச் செய்யாதீர்கள். திறந்திருக்கும் கோப்பு மூடிய பிறகுதான் நகலாகும். இரண்டு பக்கமும் மாற்றம் நடந்தால் கடைசியாக எழுதியது மட்டும் நிற்கும். கணக்குப் புத்தகத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். டேலிக்கு ராத்திரி பேக்கப் எடுத்து இரண்டாவது சர்வரில் வையுங்கள். முதல் சர்வர் போனால் நேற்றிரவுக் கணக்கிலிருந்து தொடரலாம். டேலி லைசன்ஸை அங்கே எப்படி மாற்றுவது என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டு கன்ட்ரோலர் இருப்பது பேக்கப் ஆகாது. முதல் சர்வரில் தவறுதலாக ஒரு பிரிவையே அழித்தால் சில விநாடிகளில் இரண்டாவதிலும் அழியும். அழித்ததைத் திரும்ப எடுக்க உதவும் ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின்னை இயக்கிவிடுங்கள். ஒருமுறை இயக்கினால் திரும்ப நிறுத்த முடியாது, நிறுத்தத் தேவையும் இல்லை.

கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க இரண்டாவது சர்வரை அணைத்தே வைக்கும் வழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். 60 நாள் அப்படி இருந்தால் சிஸ்வால் நகலாவது நின்றுவிடும். பொதுவாக 180 நாள் தாண்டினால் அதைத் திரும்ப நெட்வொர்க்கில் விடவே கூடாது. இரண்டும் எப்போதும் ஓடட்டும்.

சோதனை நாள்

ஒரு வாரம் ஓடவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பாருங்கள். அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் இருக்கட்டும். முதல் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள்.

இப்போது ஒரு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, வழக்கமாக அதில் உட்காருபவர் லாகின் ஆனால், "ஆஹா, வேலை செய்கிறது" என்று தோன்றும். நம்பாதீர்கள். விண்டோஸ் கடைசியாக லாகின் ஆன பத்துப் பேரின் விவரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். சர்வரே இல்லாவிட்டாலும் உள்ளே விடும். அந்தக் கம்ப்யூட்டரில் இதுவரை உட்காராத ஒருவரை லாகின் செய்யச் சொல்லுங்கள். அவர் உள்ளே போனால்தான் இரண்டாவது சர்வர் பதில் சொல்லியிருக்கிறது. 'எக்கோ %லாகான்சர்வர்%' (echo %logonserver%) என்று கேட்டால் அதன் பெயர் வர வேண்டும்.

இன்டர்நெட் வருகிறதா? ஒரு செல்ஃபோனையோ லேப்டாப்பையோ புதிதாக இணைத்தால் ஐபி கிடைக்கிறதா? டொமைன் விதிகளைப் புதுப்பிக்கும் 'ஜிபிஅப்டேட்' (gpupdate) பிழையில்லாமல் முடிகிறதா? பிரின்ட் போகிறதா? முதல் சர்வர் வழியாக ஷேர் செய்த பிரின்டர் என்றால் போகாது. அதை நேராக ஐபியில் இணைப்பதா, இரண்டாவது சர்வருக்கு மாற்றுவதா என்று இங்கேதான் முடிவு செய்வீர்கள். எது எது நின்றதோ அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். முதல் சர்வர் இல்லாத நாளில் அலுவலகம் எதிர்கொள்ளப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து முதல் சர்வரை ஏற்றுங்கள். அரைமணி விட்டு மறுபடி 'ரெப்அட்மின் /ரெப்ல்சம்மரி'. பூஜ்யம் வந்தால் சரி.

உண்மையிலேயே முதல் சர்வர் போய்விட்டால், அந்த ஐந்து பொறுப்புகளை உடனே பறித்து இரண்டாவதிடம் கொடுக்க ஓடாதீர்கள். அவை இல்லாமலேயே சில நாள் அலுவலகம் ஓடும், பவர் சப்ளை மாற்ற அந்த நேரம் போதும். இனி அது பிழைக்காது என்று உறுதியான பிறகு பறிக்கலாம். ஆனால் பறித்த பிறகு பழைய சர்வரை எந்தக் காரணத்துக்காகவும் அதே நெட்வொர்க்கில் மறுபடி இயக்கக் கூடாது. டேட்டா வேண்டுமானால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள். ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்டு கம்ப்யூட்டர்ஸில் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பிரிவுக்குப் போய் அதன் பெயரை அழித்தால், அது விட்டுச்சென்ற குறிப்புகளும் பெரும்பாலும் நீங்கிவிடும். டிஎன்எஸ்ஸில் மிச்சம் இருப்பதை மட்டும் கையால் துடையுங்கள்.

இரண்டு சர்வரின் பெயர், ஐபி, எதில் என்ன ஓடுகிறது, சோதனை செய்த தேதி, அன்று நின்றுபோனவை. இவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, ரேக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வரும் ஒரு சனிக்கிழமையை அதே தாளில் அடுத்த சோதனைக்கு என்று குறித்து வையுங்கள்.